மழைக்காலச் சளிக்கு மூக்கு ஸ்ப்ரே: கிருமிநாசினியா, உப்புநீரா, எதை வாங்குவது?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம், "மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே ஒண்ணு கொடுங்க." கடைக்காரர் பெரும்பாலும் எடுத்து நீட்டுவது சைலோமெட்டசோலின். அது அடைப்பைத் திறக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. கேட்டவர் நினைத்து வந்ததோ, ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரர் தும்மியது தன்னைத் தொற்றாமல் தடுக்கும் மருந்து. பாட்டிலும் முனையும் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வருகிறது. உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வதானால் அது உப்புநீர் ஸ்ப்ரேயாக இருக்கட்டும். கிருமிநாசினி என்ற பேரோடு வரும் அயோடின் வகைக்கு வீட்டு அலமாரியில் கடைசி இடம்தான், அதுவும் டாக்டர் சொன்னால். காரணங்களைத் தெரிந்துகொண்டால் புதுப்புது பிராண்டுகள் வரும்போது நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

அடித்த மருந்து மூக்கில் எவ்வளவு நேரம் தங்கும்?

மூக்கின் உட்சுவர் முழுக்க ஒரு சளிப்படலம். அதன் அடியில் சிலியா எனும் நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து அந்தப் படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதைச் சோதிக்க எளிய வழி வைத்திருக்கிறார்கள்: மூக்கின் முன்பக்கம் ஒரு துளி சாக்கரின் வைப்பார்கள். ஆரோக்கியமான மூக்கென்றால் சுமார் 20 நிமிடத்துக்குள் தொண்டையில் இனிக்கும். சாக்கரினுக்கு நடப்பதுதான் நீங்கள் அடிக்கும் ஸ்ப்ரேக்கும் நடக்கும். சாதாரண திரவமாக இருந்தால் அரை மணிக்குள் பெரும்பகுதி வயிற்றுக்குப் போய்விடும். ஆகவே "ஒரு முறை அடித்தால் நாள் முழுக்கப் பாதுகாப்பு" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்தச் சாக்கரினை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் மேலே அடிக்கும் கிருமிநாசினி அதைத் தொடாது. செல்லிலிருந்து புதிதாக வெளியேறி அடுத்த செல்லைத் தேடும் வைரஸைத்தான் அது பிடிக்க முடியும். கிருமிநாசினி ஸ்ப்ரே பயன் தரும் காலம் இரண்டுதான்: தொற்று ஒட்டக்கூடிய சூழலில் இருந்து வந்த உடனே, அல்லது தொண்டை கரகரத்துத் தும்மல் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு நாள். நாலாம் நாள் மூக்கு முழுக்க அடைத்தபின் கிருமிநாசினி வாங்குவது வீண் செலவு.

உப்புநீர்: மலிவானது, சோதனையில் பின்தங்காதது

இந்தத் துறையில் மிகப் பெரிய சோதனை பிரிட்டனில் நடந்தது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பால் லிட்டில் தலைமையில், 332 பொது மருத்துவர் நிலையங்கள் வழியாக 13,799 பேரைச் சேர்த்தார்கள். நீண்டநாள் நோய் உள்ளவர்கள், அடிக்கடி சளி பிடிப்பவர்கள். ஒரு குழுவுக்கு ஜெல் வகை ஸ்ப்ரே, இன்னொன்றுக்கு உப்புநீர் ஸ்ப்ரே, மூன்றாவதற்கு உடற்பயிற்சிக்கும் மன அழுத்தக் குறைப்புக்குமான இணையதளம், நான்காவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2024-ல் லான்செட் குழும இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் சுவாசத் தொற்றால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களின் சராசரி: வழக்கமான கவனிப்பில் 8.2, ஜெல்லில் 6.5, உப்புநீரில் 6.4. இணையதளக் குழுவில் 7.4. ஆன்டிபயாடிக் உபயோகமும் குறைந்தது.

விலை கூடிய ஜெல்லும் வெறும் உப்புநீரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. ஜெல் அடித்தவர்களில் தலைவலி, சைனஸ் வலி சொன்னவர்கள் கூடுதல். உப்புநீரில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு குறையையும் சொல்லவேண்டும்: எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும், நோய் நாட்களை அவர்களே எண்ணிச் சொன்னார்கள். அதனால் ஒன்றரை நாள் வித்தியாசத்தைக் கல்லில் செதுக்கிய கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடின்பரோவில் நடந்த சிறிய சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. சளி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அடர் உப்புநீரால் மூக்கைக் கழுவி, கொப்பளிக்கவும் செய்தவர்களுக்குச் சளி சுமார் 1.9 நாள் முன்னதாகவே விட்டது. அதே குழு பிறகு 6 வயது வரையுள்ள 407 குழந்தைகளை வைத்துச் சொட்டு வடிவில் செய்து பார்த்தது. சளி 8 நாளிலிருந்து 6 நாளாகக் குறைந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டியதும் 61 சதவீத வீடுகளிலிருந்து 46 ஆகக் குறைந்தது. உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் சுவாரசியமானது. உப்பிலுள்ள குளோரைடை எடுத்து மூக்கின் செல்களே ஹைபோகுளோரஸ் அமிலம் தயாரிக்கின்றன என்கிறார்கள். ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் அதே பொருள்தான்.

கடையில் வாங்கும்போது சதவீதத்தைப் பாருங்கள். 0.65 சதவீதம் மென்மையானது. மூக்கு காய்ந்துபோகும் ஏசி ஆபீஸ்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பொருந்தும். 0.9 உடம்பின் உப்போடு சமமானது. 2 முதல் 3 சதவீதம் வரை உள்ளவை அடர் உப்புநீர்: வீங்கிய திசுவிலிருந்து நீரை இழுத்து அடைப்பைக் கொஞ்சம் தளர்த்தும், ஆனால் எரியும். தினமும் பல முறை அடிப்பவர்கள் பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்காத பாட்டிலைத் தேடுவது நல்லது. அது ஸ்ப்ரே கெடாமல் இருக்கச் சேர்ப்பது. சிலருக்கு மூக்கை உறுத்தும்.

பிரிட்டிஷ் சோதனையில் சொன்ன அளவு: அறிகுறி தொடங்கியதும், அல்லது சளிக்காரர் பக்கத்தில் இருந்துவிட்டு வந்ததும், ஒவ்வொரு துவாரத்திலும் 2 முறை, நாளொன்றுக்கு 6 தடவை வரை. காலையில் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று என்று அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்பவர்கள் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் செய்திருக்கிறார்கள்.

வீட்டில் கலப்பதானால் தண்ணீரில்தான் ஆபத்து

ஸ்ப்ரேக்குப் பதில் 240 மி.லி. குப்பியால் மூக்கைக் கழுவுவது இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யும், குறிப்பாகச் சைனஸ் தொல்லை உள்ளவர்களுக்கு. ஆனால் குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடக்கூடாது. நேக்லீரியா ஃபவுலேரி எனும் அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் வழியே போனால் மூளையைத் தின்னும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் மூக்கு கழுவும் நேத்தி பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிய இருவர் இறந்தார்கள். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் வந்த அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளைப் படித்தவர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றாது. 20 லிட்டர் கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் குடிக்கத் தகுந்தவை, கிருமி நீக்கப்பட்டவை அல்ல. தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் விடுங்கள். ஊட்டி போல 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் விடவேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

ஆறவைத்த 500 மி.லி. தண்ணீருக்கு 4.5 கிராம் உப்பு போட்டால் 0.9 சதவீதம். தூள் உப்பில் தலைதட்டிய முக்கால் டீஸ்பூன் ஏறத்தாழ அந்த அளவு வரும். கல்லுப்பில் வராது, கல்லுக்குக் கல் இடைவெளி வேறுபடும். கால் டீஸ்பூன் ஆப்பசோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். குறைவாக உப்பு போட்டால்தான் அதிகம் எரியும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: வெறும் தண்ணீர் செல்களை வீங்கவைக்கிறது, குளத்தில் முங்கும்போது மூக்கில் ஏறுகிற அதே சுருக். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 100 மி.லி. நார்மல் சலைன் பாட்டில் இருக்கிறது. சரியான 0.9 சதவீதம், கிருமி நீக்கியது, விலையும் அதிகமில்லை. திறந்தால் அன்றே தீர்த்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

அயோடின்: பேர் பெரிது

போவிடோன் அயோடின் ஆய்வகத் தட்டில் வைரஸைக் கொல்வதில் கெட்டிக்காரன். 0.5 சதவீதக் கரைசல் கொரோனா வைரஸை 15 விநாடியில் முடக்கியது என்பது உண்மை. அறுவை சிகிச்சைக்கு முன் மூக்கிலுள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைக் குறைக்க 5 சதவீத அயோடினை மருத்துவமனைகள் பயன்படுத்துவதும் உண்மை. அது ஒரு நாள் சங்கதி, பாக்டீரியாவுக்காக. மழைக்காலம் முழுக்கத் தினமும் அடிப்பதற்கு அந்தச் சான்று பொருந்தாது.

பிரான்சில் 24 கொரோனா நோயாளிகளிடம் அயோடினை வாயிலும் மூக்கிலுமாக நாளுக்கு 4 முறை, 5 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் மறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அயோடின் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குத் தைராய்டு பரிசோதனையில் மாறுதல் தெரிந்தது, நிறுத்தியபின் சரியானது. மூக்கின் சவ்வு அயோடினை நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகையால் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், மனநலப் பிரச்சினைக்கு லித்தியம் எடுப்பவர்கள், ரேடியோ அயோடின் சிகிச்சை பெறப்போகிறவர்கள், சிறு குழந்தைகள் இதன் பக்கமே போகவேண்டாம். அடர்த்தி கூடினால் சிலியாவும் பாதிக்கப்படுகிறது என்று செல் சோதனைகள் காட்டுகின்றன. காவல்காரனை அடித்துவிட்டுத் திருடனைத் தேடுகிற கதை அது.

நம்மூரில் இன்னொரு வழக்கம் பரவியிருக்கிறது: காயத்துக்குப் போடும் பழுப்பு பாட்டிலை வாங்கித் தண்ணீர் கலந்து மூக்கில் விடுவது. அதில் இருப்பது பெரும்பாலும் 10 சதவீதம், 0.5 ஆக்க 1 பங்குக்கு 19 பங்கு கலக்கவேண்டும். கண் திட்டத்தில் யாரும் அதைச் சரியாகச் செய்வதில்லை. கலந்து வைத்தது நாள்பட வீரியமும் இழக்கும். இதைவிட மோசம், அதே நிறத்தில் பக்கத்திலேயே இருக்கும் சர்ஜிகல் ஸ்க்ரப். அது சோப்பு கலந்தது, கை கழுவ. மூக்கில் விட்டால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூக்கில் எதையாவது அடித்து நோயைத் தடுக்கும் ஆசை புதிதல்ல. 1937-ல் டொரான்டோவில் போலியோ பரவியபோது சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் அடித்தார்கள். போலியோ தடுக்கப்படவில்லை, சில குழந்தைகள் மோப்ப சக்தியை இழந்தார்கள். பாடம் ஏறவில்லை போலும். 2009-ல் சைக்காம் என்ற துத்தநாக மூக்கு ஜெல்லை உபயோகிக்க வேண்டாமென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்ததும் அதே காரணத்துக்காகத்தான். துத்தநாகம் என்று எழுதிய எதையும் மூக்கில் விடாதீர்கள்.

இடைப்பட்டவை: கராஜீனன், அசெலாஸ்டின், நைட்ரிக் ஆக்சைடு

கராஜீனன் கடற்பாசியிலிருந்து எடுப்பது. கொல்லாது, வழவழப்பாகப் படர்ந்து வைரஸ் செல்லில் ஒட்டாமல் மறிக்கும். அர்ஜென்டினாவில் 394 மருத்துவமனைப் பணியாளர்களிடம் நடந்த சோதனையில், நாளுக்கு 4 முறை அடித்தவர்களில் 196-ல் 2 பேருக்கும் மற்றக் குழுவில் 198-ல் 10 பேருக்கும் கொரோனா வந்தது. எண்கள் சிறியவை, ஆனால் நம்பிக்கை தருபவை. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கிவரும் "பீட்டாடைன் கோல்டு டிஃபென்ஸ்" ஸ்ப்ரேயில் இருப்பது அயோடின் அல்ல, இந்தக் கராஜீனன்தான். பேரைப் பார்த்து அயோடின் என்று பயப்படுபவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றே என்று நம்பி, காயத்துக்கான அயோடின் மருந்தான பீட்டாடைனை மூக்கில் விடுபவர்களும் உண்டு. பாட்டிலின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கம் சேர்மானத்தைப் படியுங்கள்.

அசெலாஸ்டின் ஒவ்வாமைக்கான பழைய மருந்து. ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகம் 450 பேரிடம் 0.1 சதவீத ஸ்ப்ரேயை நாளுக்கு 3 முறை, 56 நாள் கொடுத்துச் சோதித்து 2025-ல் வெளியிட்டது. கொரோனா 6.7 சதவீதத்திலிருந்து 2.2 ஆகவும், சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸ் 6.3-லிருந்து 1.8 ஆகவும் குறைந்தது. ஒரே மையத்தில் நடந்தது என்பதால் இன்னொரு சோதனை வரும்வரை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம். ஏற்கெனவே தூசி அலர்ஜி உள்ளவர், கூட்டத்தில் வேலை செய்பவர் என்றால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். கசக்கும், சிலருக்குத் தூக்கம் வரும். நம் கடைகளில் இது ஃப்ளூட்டிகசோன் எனும் ஸ்டீராய்டோடு சேர்ந்தும் வருகிறது. சோதனையில் கொடுத்தது அந்தக் கலவை அல்ல.

நைட்ரிக் ஆக்சைடு ஸ்ப்ரேயை 2022-ல் கிளென்மார்க் ஃபேபிஸ்ப்ரே என்று இந்தியாவில் கொண்டுவந்தது, ஆபத்து அதிகமுள்ள வயது வந்த கொரோனா நோயாளிகளுக்காக. சாதாரணச் சளிக்கு முன்னெச்சரிக்கையாக வாங்கிவைக்க வேண்டியதில்லை.

அடைப்பு திறப்பான்: மூன்று நாள் நண்பன்

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் இரண்டும் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடத்தில் வழி திறக்கும். இரவு தூங்க முடியாதவருக்கு இதைவிட வேகமானது இல்லை. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளில் நிறுத்திவிடவேண்டும். தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் முன்னைவிட அதிகமாக வீங்கும். அதற்கு மறுபடி அடிப்பார்கள், சட்டைப் பையில் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒரு துவாரத்தில் மட்டும் முதலில் நிறுத்தி, அது தானாகத் திறந்தபின் மற்றதை நிறுத்துவது தாங்கக்கூடிய வழி. அந்த நாட்களுக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுப்பதுண்டு.

ரத்த அழுத்தம், இதய நோய், ஒரு வகைக் கண் அழுத்த நோய் (கிளாகோமா) உள்ளவர்கள் கேட்டுவிட்டே அடிக்கவேண்டும். பெரியவர்களின் 0.1 சதவீத பாட்டிலைக் குழந்தைக்கு ஒருபோதும் போடக்கூடாது. சிறு குழந்தைகளை அது மயங்கித் தூங்கவைத்து இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். குழந்தை மூக்கில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடும் பழக்கத்தையும் பாட்டிமார் கோபித்தாலும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது.

அடிக்கும் விதம்

தலையை அண்ணாந்துகொண்டு அடிப்பதுதான் பொதுவான தவறு. மருந்து நேராகத் தொண்டைக்கு ஓடி, கசப்பு மட்டும் மிச்சமாகும். மெதுவாக மூக்கைச் சிந்திவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னே குனியுங்கள். இடது துவாரத்துக்கு வலது கை, வலதுக்கு இடது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே காதுப் பக்கம் சாயும். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் புண்ணாகிச் சில்லுமூக்கு உடையும். அடித்தபின் சாதாரணமாக மூச்சு இழுத்தால் போதும், உறிஞ்சவேண்டாம். புது பாட்டிலானாலும் சில நாள் சும்மா கிடந்ததானாலும் சீரான சாரல் வரும்வரை காற்றில் ஓரிரு முறை அழுத்திப் பாருங்கள்.

முனையை ஒவ்வொரு முறையும் துடைத்து மூடுங்கள். ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும். குடும்பத்துக்கே ஒன்று வைத்தால் சளியைப் பங்கிட்டுக் கொடுப்பதாகிவிடும். திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். அலர்ஜிக்கு வேறு ஸ்ப்ரேயும் அடிப்பவர்கள் முதலில் உப்புநீர், 10–15 நிமிடம் கழித்து மருந்து என்ற வரிசையில் செய்யவேண்டும். மாற்றிச் செய்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

ஃப்ளூ வேறு கணக்கு

மேலே சொன்ன பலன்களில் பெரும்பகுதி சாதாரணச் சளிக்கும் கொரோனாவுக்கும் உரியவை. இன்ஃப்ளூயன்சா மூக்கோடு நிற்காது. மூச்சுக்குழாய்க்கும் இறங்கும், அங்கே ஸ்ப்ரே எட்டாது. திடீரென்று கடுங்காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்டது போன்ற வலி, வறட்டு இருமல் என்றால் ஸ்ப்ரேயைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். ஊசி வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், தமிழ்நாட்டில் செப்டம்பருக்குள் முடித்துவிடுவது சரியாக இருக்கும்.